முப்பத்தொன்றின் மூன்றாவது அச்சு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: “முடியாது சார்.” இரண்டு சொல்தான். நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக “சரி சார்” என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

முப்பத்தொன்றாம் பெட்டிக்கு அச்சுச் சோதனை: சக்கரங்களைக் கோத்திருக்கும் இரும்பு அச்சுக்குள் விரிசல் உண்டா என்று பார்ப்பது. வெள்ளிக்கிழமை ஓய்வு பெறப் போகிற மின்ரயில் பெட்டி. ஆனாலும் தேதி வந்துவிட்டால் சோதித்தாக வேண்டும். ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் நாற்பது வருஷத்து நிறங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. அச்சு முனையின் மூடியைக் கழற்றி, பசை தடவி, ஒலியலை ஸ்கேன் கருவியை வைத்தேன். சக்கரம் மாற்றும் ஆட்கள் வழக்கம்போலச் சுற்றி நின்று, “என்ன டாக்டர், ஆணா பொண்ணா?” என்றார்கள். மூன்று வருஷமாக இதே நகைச்சுவை. நானும் மூன்று வருஷமாகச் சிரிப்பதில்லை.

முதல் இரண்டு அச்சும் சுத்தம். மூன்றாவதில், சக்கரம் இறுகியிருக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, திரையில் எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு முள் எழுந்தது. கருவியைத் திருப்பி வைத்தேன். அதே முள். மறுமுனை மூடியையும் கழற்றிப் பார்த்தேன். அதே இடம். விரிசல். அச்சு எண் 6408.

விதி எளிது. விரிசல் கண்ட அச்சுக்குச் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. பெட்டியின் அட்டையில் குறிப்பு. அன்றைக்கே அதை காஸ் வைத்து இரண்டாக அறுத்துவிட வேண்டும், யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடாதபடி.

அத்தான் வந்தார். வீட்டில் அக்காவின் கணவர், ரயில் பழுதுபார்க்கும் ஷெட்டில் ஃபோர்மேன். ஷெட்டில் நான் “சார்” என்றுதான் கூப்பிட வேண்டும். திரையைப் பார்த்தார். நம்பவும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. அவர் முகம் ஒரு நிமிஷம் வேலை தெரிந்தவரின் முகமாக இருந்தது. பிறகு ஃபோர்மேன் முகம் வந்துவிட்டது. மே மாதம் புது ஷெட் திறக்கிறது. அதுவரை பழைய வண்டிகளை ஒரு நாளும் நிற்காமல், ஓர் அச்சும் கழிவாகாமல் ஓட்டிக் காட்டினால் புது ஷெட் அவருக்கு. அவர் எழுதும் மாற்றல் பட்டியலில் இருக்கிற ஆட்களுக்கும்.

“போற வண்டிக்கு எதுக்கும்மா பெயின்ட்? வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வேணாம், இன்னைக்கே பின் லைனுக்குத் தள்ளிடறேன். இனிமே அது ஓடவா போகுது? நீ அட்டைல கையெழுத்து மட்டும் போடு.”

பின் லைன் என்பது ஓய்வு பெற்ற பெட்டிகளை நிறுத்திவைக்கும் தடம்; அட்டை பூர்த்தியாகாமல் அங்கே பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘சோதிக்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஒரு மணி நேரத்தில் பெட்டி பின் லைனுக்குப் போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாருக்கும் ஆபத்து இல்லை. அப்படியானால் இத்தனை முறை கழுவியும் கையில் பசை இருப்பது மாதிரி ஏன் இருக்கிறது?

வீட்டில் அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். அக்கா இந்த மனிதரைக் கட்டிக்கொண்டது பயத்தில். இப்போது அந்தப் பயத்துக்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

பின் லைனில் இப்போது மூன்று பெட்டிகள். உள்ளே கைப்பிடி வளையங்களை யாரோ அதற்குள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலைமையகத்துக் காகிதத்தில் ‘ஓய்வளிக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது.

திங்கள் முதல் இரண்டு வாரம் எனக்குப் புது வண்டிப் பயிற்சி, நகரின் மறுகோடியில். இந்த முகங்களை இரண்டு வாரம் பார்க்க வேண்டாம் என்பதே பெரிய விடுமுறை.

மார்ச் 13, வெள்ளி

புது வண்டி அழகாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏன் வருத்தமாக இருக்க வேண்டும்? சத்தம் இல்லை, குளிர்ச்சி, கதவு தானாக மூடுகிறது. நேற்று ஒன்றில் வளைவான பிளாட்பாரத்தில் கதவு தவறான பக்கம் திறந்ததாம். யாரும் விழவில்லை. எல்லாப் புது வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். பயிற்சி கொடுப்பவர், “ரெண்டு மாசம் பழசை வெச்சே ஓட்ட வேண்டியதுதான்” என்று சிரித்தார். ஓட்டுகிறவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 23, திங்கள்

ஷெட்டுக்குத் திரும்பினேன். வாசலிலிருந்து என் அறைக்குப் போகும் வழி பின் லைனை ஒட்டித்தான். முப்பத்தொன்று மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. கீழே ஒன்றுமில்லை. நான்கு அச்சும் இல்லை.

சாப்பாட்டு டப்பா கையிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததை எடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

கிரேன்காரர் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டேன். போன வாரம், என்றார். புது வண்டி நின்றுபோனதால் பழசையெல்லாம் ஒரு நாளும் விடாமல் ஓட்ட, ஏற்கெனவே தேய்ந்திருந்த சக்கரங்கள் அளவுக்குக் கீழே போய்விட்டன. ஸ்டோரில் ஒன்றுகூட இல்லை. பின் லைனில் நின்ற மூன்று பெட்டியிலிருந்தும் சக்கரங்களை அச்சோடு உருவி, ஓடுகிற ஆறு பெட்டிக்கு மாட்டினார்களாம்.

“எது எதுக்குப் போச்சுண்ணே?”

“நான் மேல இருந்து பாக்கறவன். எனக்கு எல்லாச் சக்கரமும் ஒண்ணுதான். ஆனா முதல்ல கழட்டினது முப்பத்தொண்ணைத்தான் டாக்டர். உங்க கையெழுத்து பளபளன்னு புதுசா இருந்துச்சே.”

என் கையெழுத்து. பழைய பெட்டிகளிலேயே கடைசியாகச் சோதித்தது முப்பத்தொன்று. அதனால் அதன் அச்சுகள்தான் எல்லாவற்றிலும் நம்பகமானவை. யார் யோசித்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள். நானே யோசித்திருப்பேன்.

எங்கள் ஷெட்டில் அட்டை என்பது பெட்டிக்கு. அச்சுக்குத் தனியாக அட்டை கிடையாது. அச்சு ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அதன் கதை பழைய பெட்டியோடு நின்றுவிடும். பெருக்கல் குறி இருந்திருந்தால் ஒருவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதற்காகத்தானே அந்தப் பெயின்ட். எண்ணும் வெளியே தெரியாது. முனை மூடிக்குள்ளே இருக்கிறது, மூடிக்கு நான்கு போல்ட், போல்ட்டுக்குக் கம்பி கோத்து ஈயச் சீல்.

நேராக ஃபோர்மேன் அறைக்குப் போனேன். மூன்றாவது அச்சு எங்கே என்று கேட்டேன். எந்த மூன்றாவது அச்சு என்றார். சொன்னேன். அட்டையை எடுத்து என் முன்னால் திருப்பிப் போட்டார்.

“இதுல ஒண்ணும் இல்லையே. நீ எழுதினியா? பெயின்ட் அடிச்சியா?”

“நீங்கதான் வேணாம்னீங்க.”

“நான் சொன்னேன்னு எங்க இருக்கு?”

சத்தம் போடவில்லை. கோபம்கூட இல்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். ஆறு பெட்டியையும் நிறுத்தி மூடிகளைத் திறந்து பாருங்கள் என்றேன். ஆறு பெட்டி நின்றால் இரண்டு வண்டி நிற்கும், இரண்டு வண்டி நின்றால் மாலையில் பிளாட்பாரத்தில் கல்லெறிவார்கள், மே மாதம் எல்லாரும் மூலைக்கு ஒருவராகச் சிதற வேண்டியதுதான் என்றார். பிறகு: “நீ பார்த்தது துருவா இருக்கும். போய் வேலையைப் பாரு.”

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே திரையைப் பார்த்து நம்பிய மனிதர்.

மார்ச் 24, செவ்வாய்

சாப்பாட்டின்போது அவரை வேண்டுமென்றே “சார்” என்றேன். குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க சார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “வீட்டுல என்னடி சாரு?”

“வீட்டுல இருக்கறவரை எனக்குத் தெரியலக்கா. ஷெட்டுல இருக்கறவரைத்தான் தெரியுது.”

அத்தான் தட்டிலிருந்து நிமிரவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், அவர் காதுபடவே. அவள் கேட்டுக்கொண்டாள். அவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். யார் எவ்வளவு கத்தினாலும் முகம் மாறாமல் கேட்பாள். முடித்ததும் சொன்னாள்: “நான் தினம் எட்டு பத்து வண்டிலதான்டி போறேன். அவ்ளோ ஆபத்துன்னா இவரு என்னை விடுவாரா?”

இதைவிட நல்ல வாதம் வேறு என்ன இருக்க முடியும்? ஒருவர் தன் மனைவியை ஏற்றி அனுப்புகிற வண்டி. என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சக்கரம் இறுகியிருக்கும் இடத்தில் திரை தப்பாகக் காட்டும் பொய் முள்ளாக இருக்குமோ? மூன்று வருஷத்தில் இரண்டு முறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

பொய் முள் மறுமுனையிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் இரண்டு முனையிலிருந்தும் பார்த்தேன்.

கருவியின் நினைவில் அந்தத் திரை இல்லை. பயிற்சிக்குப் போயிருந்தபோது வேறு யாரோ பயன்படுத்தி, பழையதெல்லாம் அழிந்துவிட்டது. அட்டையில் எண் இல்லை. 6408 என்பது உலகத்திலேயே இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

என் அலமாரிக் கதவில் சாக்பீஸ் எழுத்து: ‘ஸ்கேன் சென்டர் நிரந்தரமாக மூடப்பட்டது. பிரசவம் வேறு இடத்தில் பார்க்கப்படும்.’ எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள் என்பதே ஆச்சரியம்.

செய்தி பரவிவிட்டது. ஆறு பெட்டியை நிறுத்தப் பார்க்கிறாள், மாற்றல் பட்டியலைக் கெடுக்கப் பார்க்கிறாள். தேநீர் நேரத்தில் நான் போனதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை, அவருக்கு மூட்டுவலி.

மதியம் நாற்பத்திரண்டாம் பெட்டி பழுதுபார்க்கும் குழியின் மேல் சும்மா நின்றது. ஆறில் ஒன்று. நானே திறந்து பார்த்துவிடலாம் என்று ஃபிட்டரிடம் ஸ்பானர் கேட்டேன். அவர் ஸ்பானரைத் துடைத்து, டூல் பெட்டிக்குள் வைத்து, அதைப் பூட்டினார். “ஃபோர்மேன் சொல்லாம சீலை அறுத்தா எனக்குச் சீட்டைக் கிழிச்சிருவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அதுங்களும் ரயில்லதான் போகுதுங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.” நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

மார்ச் 28, சனி

தினமும் ஐந்தரை வண்டியில்தான் வீடு திரும்புகிறேன். பஸ்ஸில் போகலாமே என்று ஒரு முறை தோன்றியது. ஊரையெல்லாம் ரயிலில் ஏற்றிவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் ஏறுவது எப்படி?

புத்தகம் விரித்தபடி இருக்கிறது, பக்கம் திரும்புவதில்லை. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டுகிற சத்தத்தை எண்ணுகிறேன். எதிரே ஒருவர் வாயைப் பிளந்து தூங்குகிறார். ஒரு பெண் நின்றபடியே போனில் யாரையோ திட்டுகிறாள், அரிசி ஊறப்போட மறந்துவிட்டார்களாம். இவர்கள் யார் மேலும் எனக்கு அன்பு கிடையாது. கூட்டத்தில் என் காலை மிதிக்கிறவர்கள். ஆனால் இவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அது தாங்க முடியாததாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

அக்கா ஏழே காலுக்கே கிளம்பிவிட்டாள். போன வாரமும் அப்படித்தான் போனாளோ? நான் கவனிக்கவில்லை. மருத்துவமனையில் முகாம் என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

காலை. அக்கா கண்ணாடி முன்னால் நின்றபடி, பர்ஸில் சேஃப்டி பின் இருக்கிறது, எடு என்றாள். எடுத்தேன். பின்னுக்குப் பக்கத்தில் பஸ் பாஸ். ஒரு மாதத்துக்கு. தொடங்கும் தேதி மார்ச் 25.

நான் சாப்பாட்டு மேசையில் கத்தியதற்கு மறுநாள்.

பின்னையும் பாஸையும் சேர்த்து நீட்டினேன்.

“கால் வலிடி. ரயில் படி ஏற முடியல.”

“பஸ் படி ரயில் படியைவிட உசரம்கா. ஸ்டாப்பும் தூரம்.”

“உனக்கு எதுக்கு என் பர்ஸு?”

“நீதான எடுக்கச் சொன்ன.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்க்கவில்லை.

“அத்தான் சொன்னாரா?”

பின்னைக் குத்திக்கொண்டாள். தோளில் சரியாகவே நின்றது. மறுபடி கழற்றி மறுபடி குத்தினாள். பிறகு மிகவும் மெதுவாக: “கொஞ்ச நாளைக்கு மட்டும்னாரு.”

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்துபோய் அந்த அச்சைக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு மூலையில் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அவசரம், பத்து வேலை, மனிதர்தானே. மறந்துமிருக்கலாம். ஆனால் இருபத்து மூன்றாம் தேதிக்குப் பிறகு அவருக்குத் தெரியும். துரு என்று என்னிடம் சொன்னவர், மனைவிக்கு பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருவரை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்களை ஓடவிட்டிருக்கிறார். நான் படித்த கதைகளில் கெட்டவர்கள் இப்படி இல்லை. அவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள். இவர் பாஸ் வாங்க வரிசையில் நின்றிருக்கிறார்.

சே. அன்பா இது? அப்படியும் சொல்லலாம்தான்.

ஏப்ரல் 1, புதன்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு தலைமையகத்துக்குப் போனேன். பாதுகாப்புப் பிரிவு நான்காம் மாடி. அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண், அக்கா வயது, மேசையில் மூன்று மூக்குக்கண்ணாடி. கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். நான் பெயின்ட் அடிக்காததையும், குறிப்பு எழுதாமல் கையெழுத்துப் போட்டதையும் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன்.

“அட்டைல நம்பர் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் 6408ன்னு எப்படித் தெரியும்?”

“எழுதி வெச்சிருக்கேன் மேடம். என் டைரியில.”

கையை நீட்டினார். நோட்டு பையில்தான் இருந்தது. பதினாறு வயதிலிருந்து எழுதுகிறேன்; இன்றுவரை ஒருவர் கண் பட்டதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். சரி என்றார். கடைசி மூன்று வரிகளை மறைத்துவிடலாமா, குடும்ப விஷயம் என்றேன்.

“மறைச்சீங்கன்னா, நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதுன்னு உங்க ஃபோர்மேன் சொல்லுவாரு. எனக்கு முழுப் பக்கம் வேணும்.”

அக்கா பயத்தில் கட்டிக்கொண்டாள் என்ற வரி. நகல் எந்திரத்தின் வெளிச்சம் அந்த வரியின் மேலும் ஓடியது.

பஸ் பாஸைப் பற்றி நான் சொல்லவில்லை. கடிதத்திலும் எழுதவில்லை. அதை அவளிடமிருந்து எடுத்துப் போட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. மற்றதையெல்லாம் போட்டுவிட்டு இதில் என்ன நியாயம் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஆறு மணிக்கே ஆறு பெட்டிகளையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. எட்டு பத்து ஓடவில்லை. எட்டு நாற்பதில் மூன்று வண்டிக் கூட்டம். பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: “எவளோ ஒருத்தி கம்ப்ளெயின்ட் குடுத்தாளாம். அவ வீட்டுல கார் இருக்கும்.” நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல.

ஷெட்டில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அதிகாரி வெளியிலிருந்து ஒரு சோதனையாளரைக் கூட்டி வந்திருந்தார். ஒல்லியான, பேசாத மனிதர். என் கருவியை நான் தொடக் கூடாது என்று உத்தரவு. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றேன்.

சீல் அறுத்து, போல்ட் கழற்றி, மூடி மூடியாகத் திறந்தார்கள். மாலைக்குள் மூன்று பெட்டிகள் முடிந்தன. 6408 இல்லை. ஃபிட்டர் என்னைக் கடந்து போகும்போது, யாருக்கோ சொல்வதுபோல, “டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் போச்சு, புள்ள இன்னும் பொறக்கல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. அவர் நான்காவது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கதவைத் திறந்தது அவர்தான். உள்ளே விட்டுவிட்டுச் சொன்னார்: “மூணு வருஷம் என் வீட்டுச் சோறு. அக்கா தங்கச்சின்னு பார்த்தேன். எத்தனை பேரு வாயில மண்ணு விழுந்திருக்குன்னு எண்ணிக்கோ.”

எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், சார். தினமும் ஐந்தரை வண்டியில்.

இதைச் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நாற்பத்து நான்காம் பெட்டி, இரண்டாவது அச்சு. பதினொன்று ஐம்பதுக்கு. மூடியைக் கழற்றிய ஃபிட்டர் துணியால் முனையைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகு விலகி நின்றார். அதிகாரி கிட்டே போய் எண்ணை உரக்க வாசித்தார். அறுபத்து நாலு, பூஜ்யம், எட்டு.

ஒல்லி மனிதர் பசை தடவிக் கருவியை வைத்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை. அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பொய் முள்ளாக இருந்துவிட்டால்? அந்த ஒரு நிமிஷம், அது விரிசலாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு கேவலம். ஓர் அச்சு பிளந்திருக்க வேண்டும் என்று.

அவர் மறுமுனைக்குப் போனார். திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல், “சிவப்புப் பெயின்ட் எங்க இருக்கு?” என்றார்.

பெயின்ட் டப்பா என் அலமாரியில்தான் இருந்தது. ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்ற கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆணா பொண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

அச்சு மாட்டிய நாளிலிருந்து நாற்பத்து நான்கு எந்த வண்டியில் ஓடியது என்று அட்டையில் பார்த்தேன். மாலை ஐந்தரை.

மூன்று மணிக்கு அச்சை உருவி வெளியே எடுத்தார்கள். அறுக்கவில்லை, ஆய்வகத்துக்கு வேண்டுமாம். ஃபிட்டர் என்னிடம் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “அன்னைக்கே பெயின்ட் அடிச்சிருந்தீங்கன்னா நாங்க மாட்டியிருப்போமா? எங்க கையால மாட்ட வெச்சுட்டீங்களே” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. இத்தனை நாள் வாங்கிய ஏச்சிலேயே இது ஒன்றுதான் எனக்கு உரியது.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணை. நீளமான மேசை. எழுத்தர் என் மார்ச் 3ஐ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார், சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில். “அக்கா இந்த மனிதரைக் கட்டிக்கொண்டது பயத்தில்.” எதிரே அத்தான் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் ‘பயத்துக்கு’ என்ற சொல்லில் தடுக்கி, மறுபடி ஆரம்பித்து அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை வாசித்தார்.

அத்தான் எதையும் மறுக்கவில்லை. பெயின்ட் வேண்டாம் என்று சொன்னீர்களா? சொன்னேன். இருபத்து மூன்றாம் தேதி இவர் வந்து சொன்னாரா? சொன்னார். அப்போதே ஏன் நிறுத்தவில்லை? “மே வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்” என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

அக்கா என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். ஒழுங்காக, சேலை மேல் சேலையாக, புத்தகங்களைத் தனியாகக் கட்டி. அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் வாசல்வரை போனதும் குரல் மட்டும் வந்தது.

“பயமா அன்பான்னு நீ எழுதித்தான் நான் தெரிஞ்சுக்கணுமாடி?”

பெண்கள் விடுதியில் மூன்றாம் மாடி. அதே ரயில் தடம், ஒரு நிலையம் தள்ளி. ஜன்னலில் தண்டவாளம் தெரிகிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

உத்தரவு வந்தது. அத்தானுக்குப் பதவிக் குறைப்பு, ஸ்டோருக்கு மாற்றல். எனக்கு எழுத்துப்பூர்வமான கண்டனம். ஆறு மாதம் கருவியைத் தொடக் கூடாது. இனி ஒவ்வோர் அச்சுக்கும் தனி அட்டை போட வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை. ஆறு மாதமும் அந்த அட்டைகளை எழுதுகிற வேலை எனக்கு. புது ஷெட்டுக்கான மாற்றல் பட்டியலை ரத்து செய்து, ஆட்களை மூலைக்கு ஒருவராகப் போட்டுவிட்டார்கள். கிரேன்காரர் கடைசி நிலையத்துக்கும் அப்பால் போகிறார். “வரேன் டாக்டர்” என்றார். குரலில் குத்தல் இருந்ததா இல்லையா, இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

ஏப்ரல் 22, புதன்

இருநூற்று முப்பது அட்டை.

ஜூன் 8, திங்கள்

கதவுகளைச் சரிசெய்துவிட்டார்கள். இன்று முதல் எட்டு பத்து புது வண்டி. பழைய பெட்டிகள் கடைசி பன்னிரண்டையும் சனிக்கிழமை பின் லைனுக்குத் தள்ளினார்கள். விழா எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் நான்கு அச்சுக்கும் பெருக்கல் குறி போட்டாயிற்று, நல்லதோ கெட்டதோ. பெயின்ட் அடித்தவர் ஃபிட்டர்.

ஆய்வகத்திலிருந்து காகிதம் வந்திருக்கிறது. 6408ஐ அழுத்தி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். குறுக்கு வெட்டில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பிளந்திருந்ததாம். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பதற்கு அவர்கள் எதுவும் எழுதவில்லை.

அக்காவின் பஸ் பாஸ் ஏப்ரல் 24ஆம் தேதி முடிந்தது. 27ஆம் தேதி காலையிலிருந்து அவள் எட்டு பத்தில்தான் போகிறாள். நான் அடுத்த நிலையத்தில் அதே பெட்டியில் ஏறுகிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை.